மெத்தைக்காரன் வந்தாச்சு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னையன் மூன்று முறை சட்டை மாற்றினார். மூன்றும் வெள்ளைச் சட்டைதான்.

"பொண்ணு பார்க்கவா போறீங்க?" என்றாள் ராசாத்தி.

"நீயும் வர்றே."

"எங்க?"

"ஸ்ரீரங்கம்."

"கோயிலுக்கா?"

"இல்ல. என்னைப் பார்க்க."

ராசாத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருஷமாக இங்கேயே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்பது போலிருந்தது. ஆனாலும் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

எழுபத்து நான்கு வயதில் ஒரு மனிதர் தன்னைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போவதற்குக் காரணம் உண்டு. அது 1988-ல் ஆரம்பித்தது.

அந்த வருஷம் வியாழக்கிழமைதோறும் ஏழரை மணிக்கு டி.வி.யில் 'ஏழாம் நம்பர் போர்ஷன்' வந்தது. பதின்மூன்று வாரம். ஒரு வீடு, ஏழு போர்ஷன், ஒரே குழாய். வீட்டுக்காரர் ஆளவந்தார். யார் எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்: "தண்ணி வரும். எப்போன்னு கேக்காதே." வாடகை வீட்டில் இருந்த ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. டைப்பிஸ்ட் மேகலாவுக்குக் கோபம் வந்தால் காற்றிலேயே டைப் அடிப்பாள். மூன்றாம் போர்ஷன் தாசில்தார் தூக்கத்தில் கையெழுத்துப் போடுவார். நடித்தவர்களின் பேர் யாருக்கும் தெரியாது. பகலில் ஆபீஸ், சாயங்காலம் நாடகம் என்று இருந்தவர்கள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் "தாசில்தாரே!" என்றுதான் ஜனங்கள் கூப்பிட்டார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர்களுக்கு நடுவில் ஒவ்வொரு வாரமும் அரை நிமிஷம் மெத்தைக்காரன் வருவான்.

தலையில் ஓர் இலவம்பஞ்சு மெத்தை. இரண்டு பக்கமும் தொங்கும். முகம் தெரியாது, மூக்கு நுனியும் வாயும்தான் தெரியும். இரண்டு கையும் மெத்தையைப் பிடித்திருப்பதால் விலாசச் சீட்டு வாயில் இருக்கும். வாயில் சீட்டு இருப்பதால் பேச முடியாது. ஆளவந்தார் சீட்டை உருவிப் படிப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி வாயிலேயே செருகுவார். மெத்தைக்காரன் திரும்புவான். திரும்பும்போது மெத்தை யாரையாவது தள்ளும். அவ்வளவுதான். தமிழ்நாடு உருண்டு சிரித்தது.

அந்த மெத்தைக்காரன் சின்னையன்.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் அவர் அப்போது ஃபிட்டர். ஒர்க்ஷாப் நாடகக் குழு மெட்ராஸில் ஒரு போட்டிக்குப் போயிருந்தபோது மேடையிலிருந்து மேஜையோடு கீழே விழுந்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, "இதே மாதிரி தினமும் விழுவியா?" என்று கேட்டார். அவர்தான் டைரக்டர்.

லீவு வேண்டுமே. சின்னையன் முதுகுவலி என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த பிறகுதான் என்ன வேஷம் என்று சொன்னார்கள். முதுகுவலிக்காரன் டி.வி.யில் மெத்தை தூக்கினால் வேலை போய்விடும். "சார், பேர் போடாதீங்க. மூஞ்சி தெரிய வேணாம்," என்று டைரக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். மெத்தை முகத்தை மூடியது அப்படித்தான். அது கலை என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

ராசாத்தியிடமும் சொல்லவில்லை. சொன்னால் விடிவதற்குள் லைன் வீடுகள் பூராவும் தெரிந்துவிடும். யூனியன் வேலை என்று சொல்லி ஏழு தடவை மெட்ராஸ் போய் வந்தார்.

வியாழக்கிழமை யூனியன் ஆபீஸ் டி.வி. முன்னால் குடும்பம் குடும்பமாக உட்காருவார்கள். மெத்தைக்காரன் வந்ததும் ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் சாய்ந்து விடுவாள். கண்ணில் தண்ணீர் வரும். "பாவம், இந்த ஆளுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதோ என்னமோ," என்று ஒரு தடவை சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து சின்னையன் டி.வி.யைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

ரிட்டயர் ஆன அன்றுதான் திறந்தார். மாலையும் கழுத்துமாக மைக் முன்னால் நின்று, "அந்த மெத்தைக்காரன் நான்தான்," என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நல்ல ஜோக் என்று சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஹனீஃபா. பக்கத்து லேத்தில் முப்பது வருஷம் நின்றவர்.

"மாப்ள, நீ மெத்தைக்காரன்னா நான் அந்த மெத்தை!"

"சத்தியமா பாய்."

"நிரூபி. நிரூபிச்சா வாயில சீட்டோட மெத்தையைத் தூக்கிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டை ஒரு சுத்து வரேன். இது ஹனீஃபா வாக்கு."

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் ராசாத்தி மாலையை ஆணியில் மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மெட்ராசுக்கு ஏழு தடவை போனீங்க. ஏழு தடவையும் புதுச் சட்டை. இப்ப மெத்தை தூக்கத்தான் போனேன்னு சொல்றீங்க. சரிங்க."

அந்த "சரிங்க" பதினான்கு வருஷமாக அவர் தொண்டையில் நின்றது. மெட்ராஸில் யாரோ ஒருத்தி இருந்தாள் என்று ராசாத்தி முடிவுகட்டி, மன்னித்தும் விட்டிருந்தாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை நாள் சாப்பிடுவார்?

போன மாதம் வாட்ஸப்பில் அந்த சீரியலின் ரசிகர் குழு ஒன்று கண்ணில் பட்டது. சேர்ந்தார். "நான்தான் மெத்தைக்காரர்" என்று எழுதினார். இரண்டு கும்பிடு வந்தது. ஒரு சிரிப்பு வந்தது. பிறகு குழுவை நடத்தும் லக்ஷ்மிகாந்த் எழுதினார்: "நமஸ்காரம். இந்த வருஷத்தில் தாங்கள் நாலாவது மெத்தைக்காரர்."

அடுத்த வாரமே இன்னொரு செய்தி. சீரியலின் ஒளிநாடா எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் லக்ஷ்மிகாந்தின் ஆத்துப் பரணில் ஓர் எபிசோடு கிடைத்திருக்கிறது. ஞாயிறு பத்து மணி, கீழச் சித்திரை வீதி. ரசிகர்கள் வரலாம். நாலு மெத்தைக்காரர்களும் அவசியம் வரவேண்டும்.

ஹனீஃபா சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். உட்காருவதற்குள் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, இன்னைக்கு மாப்ளயோட மானம் ஸ்ரீரங்கத்துல ஏலம்."

"சும்மா இருங்கண்ணே. ஆசையா கிளம்பி வந்திருக்காரு," என்றாள் ராசாத்தி.

அந்த ஆசையாக என்ற வார்த்தையில் பதினான்கு வருஷத்துப் பொறுமை இருந்தது. சின்னையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது.

லக்ஷ்மிகாந்த் வீட்டு மாடிக் கூடத்தில் நாற்பது பேர். வாசலிலேயே ஒருவர் வழிமறித்தார். "தண்ணி வருமா?"

"வரும். எப்போன்னு கேக்காதே," என்றார் சின்னையன்.

"வாங்கோ, வாங்கோ!"

அதுதான் டிக்கெட். உள்ளே அநேகமாக எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு பேங்க் மேனேஜர் காற்றில் டைப் அடித்துக் காட்டினார். அவர் மனைவி, "மேகலா ரெண்டு விரலால்தான் அடிப்பா, நீங்க பத்து விரலால அடிக்கறேள்," என்று சண்டை பிடித்தாள். ஒரு டாக்டரம்மா தாசில்தாரைப் போல் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவர் முதுகில் கையெழுத்துப் போட்டாள். முதுகுக்காரர், "சீல் எங்கே?" என்றார். அதற்கு நாற்பது பேரும் சிரித்தார்கள்.

முன்வரிசையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. 'மெத்தைக்காரர்' என்று நாலிலும் ஒட்டியிருந்தது. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தார். முசிறியிலிருந்து வந்தவர் கழுத்தில் பட்டை போட்டிருந்தார். மெத்தை தூக்கித் தேய்ந்த கழுத்தாம். மூன்றாமவருக்கு நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது.

"தம்பி, 88-ல உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் ஹனீஃபா.

"மேக்கப்," என்றார் அவர்.

லக்ஷ்மிகாந்தின் தங்கை வைஜயந்தி காபியோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலு பேருக்கும் காபி கொடுக்கும்போது நாலு பேர் வாயையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போனாள்.

கூடத்தின் நடுவில் மேஜை. மேஜைமேல் பட்டுத்துணி. லக்ஷ்மிகாந்த் துணியை விலக்கினார்.

டேப்ரிக்கார்டர்.

சின்னையன் எழுந்தே விட்டார். "டி.வி. எங்க?"

"டி.வி. இல்லை சார். அந்தக் காலத்துல எங்க ஆத்துல வி.சி.ஆர். ஏது? டி.வி. முன்னாடி டேப்ரிக்கார்டரை வச்சு சத்தத்தை மட்டும் அப்பா பதிவு பண்ணுவார். பதின்மூணும் பண்ணினார். பன்னெண்டு டேப் மேலயும் எங்க அத்தை நலங்குப் பாட்டைப் பதிஞ்சுட்டா. இது ஒண்ணுதான் மிச்சம்."

ஹனீஃபாவுக்கு விஷயம் புரிய இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"வாயே திறக்காத ஆளுக்கு... வாயே திறக்காத ஆளுக்கு... சத்தம் மட்டும்!"

கூடமே சிரித்தது. ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. புருஷனின் சட்டை நுனியை இழுத்து, "உக்காருங்க. போவும்போது வெண்ணெய் வாங்கிட்டுப் போவோம்," என்றாள்.

சின்னையன் உட்கார்ந்தார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. டைரக்டரிடம் ஒரு இருமலாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

"கொஞ்சம் இருங்கோ," என்றாள் வைஜயந்தி. "டேப்ல எங்க குரலும் இருக்கு. அதைச் சொல்லிடறேன், அப்பறம் சிரிக்காதீங்கோ."

அவள் சொன்னது இது. அவர்கள் அப்பா சக்ரபாணி கண்டிப்பானவர். பதிவாகும்போது கூடத்தில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. ஆனால் அம்மா ஹம்ஸா அந்நேரம் அடுக்களையில் தளிகை பண்ணிக்கொண்டிருப்பாள். மடி. தளிகை முடியும்வரை கூடத்துக்கு வரமாட்டாள், யாரையும் தொடமாட்டாள். சீரியலையும் விடமாட்டாள். வசனம் அடுக்களைவரை கேட்கும். வசனம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக அப்பா ஒரு சட்டம் போட்டார். டி.வி.யில் பேசும்போது ஆத்தில் யாரும் பேசக் கூடாது. டி.வி.யில் பேச்சு நின்றால் வைஜயந்தி மட்டும் பேசலாம். பார்த்ததை அம்மாவுக்குச் சொல்லலாம்.

"எனக்குப் பன்னெண்டு வயசு. பேச்சே இல்லாம வரது ஒரே ஒருத்தர்தான். அதனால டேப்ல நான் பேசறதெல்லாம் மெத்தைக்காரரைப் பத்தித்தான்."

சின்னையன் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"எத்தனாவது எபிசோடு?" என்று கேட்டார்.

"ஒம்பது."

"மழை."

வைஜயந்தி காபித் தட்டைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா?"

"மெத்தை இருக்குதாம்மா, வீட்டுல?"

"எதுக்கு?"

"டேப் ஓடட்டும். நான் பண்றேன்."

முசிறிக்காரர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு எழுந்தார். "அதெப்படி? அந்தப் பொண்ணு சொல்றதைக் கேட்டுக்கிட்டே யார் வேணாப் பண்ணலாமே."

"கேக்குறதுக்கு முன்னாடி பண்றேன்," என்றார் சின்னையன். "பாப்பா அப்பறம் சொல்லட்டும்."

நாற்பது பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். பிறகு விசில் பறந்தது. அடித்தது டாக்டரம்மா.

மெத்தை வந்தது. பழைய இலவம்பஞ்சு. கனமில்லை. சின்னையன் மேல்துண்டை ஹனீஃபாவிடம் கொடுத்தார். செருப்பு வாசலிலேயே இருந்தது. மெத்தையை மடித்துத் தலையில் ஏற்றினார். இரண்டு ஓரத்தையும் தட்டினார். அவை காது பக்கம் இறங்கிக் கண்ணை மூடின. யாரோ ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் கொடுத்தார்கள். வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படி முனையில் போய் நின்றார்.

"ஏங்க, முழங்கால்..." என்றாள் ராசாத்தி.

லக்ஷ்மிகாந்த் பொத்தானை அழுத்தினார்.

முதலில் இரைச்சல். அதற்குள்ளிருந்து மழை. முறத்தில் பயறு உருட்டிய மழை என்பது சின்னையனுக்குத் தெரியும். உருட்டியவர் தாசில்தார். ஏழு போர்ஷனும் ஒழுகுகிறது. குடித்தனக்காரர்கள் அண்டா, குண்டான் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறார்கள். ஆளவந்தார் பெருமையாகத் தொண்டையைச் செருமினார்.

"தண்ணி வரும்னு சொன்னேனா இல்லையா?"

கூடம் வெடித்தது. முப்பத்தேழு வருஷம் கழித்துக் கேட்கிறார்கள். பேங்க் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேப்புக்குள்ளும் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார்கள். "ஸ்ஸ்!" என்றது ஓர் ஆண்குரல்.

"அப்பா," என்றார் லக்ஷ்மிகாந்த்.

டேப்பில் கதவு தட்டும் சத்தம். பேச்சு நின்றது. சின்னையன் கூடத்துக்குள் கால் வைத்தார்.

"அம்மா! மெத்தைக்காரன் வந்தாச்சு!" சின்னக் குரல். மூச்சு வாங்கும் குரல்.

"மழையிலயுமா?" என்று தூரத்தில் இன்னொரு குரல். கூடவே தாளிக்கும் சத்தம்.

சின்னையன் நின்றார். மெத்தையின் வலது மூலையைப் பிடித்து, துணி பிழிவதுபோல் பிழிந்தார்.

"மெத்தையைப் பிழியறாம்மா!"

யாரோ "ஐயோ" என்றார்கள். சின்னையன் இல்லாத ஓர் அண்டாவைத் தாண்டினார். இல்லாத குண்டானைச் சுற்றினார். திரும்பினார். மெத்தை முசிறிக்காரரை நாற்காலியோடு தள்ளியது.

"சுத்திச் சுத்தி வரான். தாசில்தாரை இடிச்சுட்டான்!"

வைஜயந்தி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்தது என்ன என்று அந்தக் கூடத்தில் அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அவர்களுக்கும் மெத்தைக்கு அடியில் இருந்தவருக்கும்.

சின்னையன் தும்முவதற்கு மூச்சை இழுத்தார். தும்மல் வரவில்லை. வாய் திறந்தது. சீட்டு விழுந்தது.

"சீட்டு விழுந்துடுத்து!"

அன்றைக்கு அது நிஜமாகவே விழுந்தது. எழுதி வைத்த காட்சியில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வாய் காலியாக இருந்தது. பேசியிருக்கலாம். பதின்மூன்று வாரத்தில் பேசக் கிடைத்த ஒரே நேரம் அது. சின்னையன் பேசவில்லை. குனியவும் முடியாது, குனிந்தால் முகம் தெரியும், முகம் தெரிந்தால் முதுகுவலி தெரியும். வலது காலில் நின்றுகொண்டு இடது காலால் தரையைத் துழாவினார்.

இப்போதும் துழாவினார்.

"ஏங்க, வேணாங்க!" ராசாத்தி எழுந்துவிட்டாள்.

கட்டைவிரலும் அடுத்த விரலும் காகிதத்தைக் கவ்வின. கால் எழும்பியது. வலது முழங்கால் ஒரு முறை ஆடியது. மெத்தை சாய்ந்தது. ஹனீஃபா துள்ளிக் குதித்து வந்து முழங்கையைத் தாங்கினார். ஹனீஃபாவின் வாய் பிளந்திருந்தது.

"காலால எடுக்கறாம்மா! காலால!"

"எந்தக் கால்லடி?" என்றது அடுக்களைக் குரல்.

அத்தனை பேரும் சின்னையனின் காலைப் பார்த்தார்கள். இடது கால். காற்றில். நுனியில் சீட்டு. டேப் இரைந்துகொண்டே ஓடியது. சின்னப்பெண் தன் கையைப் பார்த்துப் பார்த்து எது வலது, எது இடது என்று கணக்குப் போடுகிறாள் போலிருந்தது.

"இடது கால்!"

அதற்குப் பிறகு டேப்பில் என்ன சத்தம், கூடத்தில் என்ன சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. கண்டிப்பான சக்ரபாணி தன் சட்டத்தைத் தானே உடைத்து ஹோவென்று சிரித்தார். அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. கூடத்தில் நாற்காலி விழுந்தது. டாக்டரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். லக்ஷ்மிகாந்த் சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா சிரித்து அவர் கேட்டதே அந்த ஒரு தடவைதான்.

ராசாத்தி போனாள். புருஷனின் கால்விரலிலிருந்து சீட்டை உருவினாள். பிரித்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். மறுபடி மடித்து அவர் வாயிலேயே செருகினாள். யூனியன் ஆபீஸில் பார்த்தது அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது.

"சீட்டைப் படிச்சுட்டு வாயிலயே சொருகிட்டார்!" என்றது சின்னக் குரல்.

பிறகு ஆளவந்தாரின் அலுத்த குரல். "ஏம்ப்பா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

டக். பக்கம் முடிந்தது.

முதலில் கைதட்டியவர் சிவப்புச் சட்டைக்காரர். "நான் மூணாவது எபிசோடுல குழாயடிக் கூட்டத்துல நின்னேங்க. அது நிஜம்," என்றார். முசிறிக்காரர் பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். நாற்பது வயதுக்காரர், "நான் சும்மா வந்தேன்," என்றார்.

ராசாத்தி இன்னும் நகரவில்லை. மெத்தைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"ஏழு தடவையும் இதுக்குத்தானா?"

மெத்தை ஆமாம் என்று ஆடியது.

"நான் உங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சேனே."

மறுபடி ஆடியது.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சின்னையன் சீட்டைக் கையில் எடுத்தார். "வாயில சீட்டு இருந்துச்சு."

அவள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பழைய சிரிப்பு. வாயைப் பொத்தினாள், முன்னால் சாய்ந்தாள், மெத்தையில் முகம் புதைந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ," என்றாள் வைஜயந்தி. "அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருந்தது? அம்மா போறவரைக்கும் கேட்டுண்டே இருந்தா."

"என் லீவு லெட்டரோட காப்பி. 'கடுமையான முதுகுவலி காரணமாக.' பையில வேற பேப்பர் இல்ல. ஆளவந்தார் வாராவாரம் அதைப் படிச்சிட்டு எப்படிச் சிரிக்காம நின்னாரோ, இன்னைக்கும் எனக்குப் புரியல."

மறுபடி நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அந்த ஆரவாரத்தில் ஹனீஃபா மெல்ல வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். ராசாத்திதான் பார்த்தாள்.

"அண்ணே. எங்க?"

"லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு தங்கச்சி."

"பன்னெண்டரைக்குத்தானே? சத்திரம் போய்த் தொழலாம். மெத்தையை எடுத்துக்குங்க."

வைஜயந்தி மெத்தையை இரவல் கொடுத்தாள். திருப்பித் தர வரும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பது நிபந்தனை. பஸ்ஸில் கண்டக்டர் மெத்தையையும் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்ன பெரியவரே, தூங்கிக்கிட்டே போகப் போறீங்களா?"

"சாட்சி," என்றார் சின்னையன்.

பாலத்தில் காற்று அடித்தது. மெத்தை ஹனீஃபாவின் மடியில் இருந்தது. "இடது கால்," என்று தனக்குள் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இடது கால். பதினாலு வருஷம் சொன்னியேடா, பாவி."

"நீங்கதான் மெத்தைன்னு நீங்களே சொன்னீங்க, பாய்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஹனீஃபா வெற்றிலைக் கடை ஓரத்தில் மெத்தையைத் தலையில் ஏற்றினார். சின்னையன் இரண்டு ஓரத்தையும் தட்டிவிட்டார். "கீழே பார்க்காதீங்க. காலுக்கு வழி தெரியும்." பஸ் டிக்கெட்டை மடித்து அவர் வாயில் வைத்தார்.

ஹனீஃபா கிளம்பினார். பூக்காரிகள் வழி விட்டார்கள். துறையூர் பஸ் ஹாரன் அடித்தது. திரும்பினார், மெத்தை ஒரு கொய்யாப்பழக் கூடையை லேசாகத் தள்ளியது. "கண்ணு தெரியலையா?" என்றாள் பழக்காரி. தெரியவில்லை என்பதுதான் உண்மை.

எதிர்சாரியில் பெல்ட், பர்ஸ் விற்கும் கடை. ஹனீஃபாவின் மருமகன் ஹாலிதின் கடை. மெத்தை அதன் முன்னால் போய் நின்றது. ஹாலித் வெளியே வந்தான்.

"பெரியவரே, கடையை மறைக்காதீங்க. அந்தாண்ட போங்க."

மெத்தை அசையவில்லை.

"உங்களைத்தான். யாரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க? விலாசம் தெரியலையா?" ஹாலித் அதன் வாயிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தான். பஸ் டிக்கெட். தலையை ஆட்டினான். மறுபடி வாயிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

இந்தப் பக்கம் ராசாத்தி வெற்றிலைக் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "மருமவனுக்கே தெரியல! சொந்த மருமவனுக்கே!" கண்ணில் தண்ணீர் வழிந்தது. சின்னையன் மெத்தையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பாருங்க. என்னை எதுக்குப் பாக்குறீங்க?"

"அது நான் பண்ணின எபிசோடு."

ஹனீஃபா ஒரு சுற்று முடித்தார். பந்தயம் ஒரு சுற்றுதான். நிற்கவில்லை. இரண்டாவது சுற்று ஆரம்பித்துவிட்டார். நடை மாறியிருந்தது. இடுப்பில் ஒரு ஆட்டம் வந்திருந்தது. பூக்காரிகள் சிரித்தார்கள். துறையூர் பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கொய்யாப்பழக்காரியும் சிரித்தாள்.

"விழுந்துடப் போறாருங்க," என்றாள் ராசாத்தி.

"அவரு விழமாட்டாரு. சீட்டுதான் விழும்."

விழுந்தது.

மெத்தை நின்றது. சுற்றியிருந்தவர்களும் நின்றார்கள். வாய் காலியாக இருந்தது. ஹனீஃபா பேசவில்லை. மெத்தைக்குக் கீழே அவருடைய இடது கால் மெல்லச் செருப்பைக் கழற்றியது.